தார் ரோட்டில் நடைபாவாடை

செருப்பு இரண்டையும் ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தார் என் மாமியார்.

காலை நேரம். புனேயின் விஷ்ராந்த்வாடி ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எந்நேரமும் ஹாரன் சத்தத்தில் காதடைக்கும் அந்த ரோட்டில் அன்று காக்கை கத்துவது கேட்டது. இரண்டு ஓரத்திலும் ஜனங்கள் காத்து நிற்க, பருத்திப் புடவைக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிய அந்த அம்மாள் மட்டும் தலையைக் குனிந்தபடி மெல்ல வருகிறார். கொஞ்ச தூரம் நடப்பார். காலில் ஏதோ தட்டுப்பட்டதும் நிற்பார். குனிந்து பொறுக்கி ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடப்பார்.

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருந்த சென்னைப் பெண் ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, "யாருங்க இவங்க? ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டாள்.

"எங்க அத்தைங்க. டியூட்டியில இருக்காங்க" என்றேன்.

அவள் நம்பவில்லை. முன்னால் தெரியாதிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மழைக்காலம் தொடங்கும்போது ஆலந்தியிலிருந்து பண்டர்பூருக்குப் பல்லக்கு கிளம்பும். பல்லக்கில் ஞானியின் பாதுகைகள். முன்னும் பின்னும் தாளம் தட்டிக்கொண்டு, தலையில் துளசி மாடம் சுமந்துகொண்டு வார்க்கரிகள் என்னும் பக்தர்கள் நடப்பார்கள். நாள் கணக்கில் நடை. அவர்களில் பலர் செருப்புப் போடுவதில்லை. புனே நகருக்குள் அவர்கள் நுழையும் இந்த ரோட்டில் ஒரு நீண்ட துண்டு, அத்தை வேலை பார்க்கும் நெடுஞ்சாலை கேங்குக்குச் சொந்தம். சொந்தம் என்றால் குழி அடைக்க, ஓரம் செதுக்க, கால்வாய் அடைப்பு எடுக்க, கோடு அழிந்தால் வர்ணம் அடிக்க.

பல்லக்கு வரும் நாளில் கேங் முழுவதும் பெருக்கி முடித்த பிறகு அத்தை செருப்பைக் கழற்றுவார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். அவரே வைத்துக்கொண்டது.

"தொடப்பம் பெருக்கிட்டு போயிடும். கண்ணாடித் துண்டு அங்கயே கெடக்கும். கால வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்பார்.

அன்று அவர் பையில் சேர்ந்தது ஒரு சோடா மூடி, ஒரு லாட ஆணி, உடைந்த வளையல் துண்டு. மூன்றையும் ரோட்டோரம் நாங்கள் போட்டிருந்த பந்தலில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "ஒரு டீ குடு வித்யா" என்று உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட். இது ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவர் பார்க்கும் கடைசிப் பல்லக்கு.

அந்த நிம்மதி டீ ஆறும்வரைகூட நீடிக்கவில்லை. அதற்குள் போவதற்கு முன்னால் அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சாம்பார் கொட்டிய இடம்

பெயர் பச்சையம்மாள். கேங்கில் மராத்திக்காரர்களுக்குப் 'பச்சா மாவ்ஷி'. மாவ்ஷி என்றால் சித்தி. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஏரவாடாவுக்கு வந்தவர். மாமா அப்போது சைக்கிளில் இட்லி விற்றார். இப்போதும் விற்கிறார். கேரியரில் இட்லிப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சாம்பார்த் தூக்கு, அமுக்கினால் 'பாம் பாம்' என்று கத்தும் ரப்பர் ஹாரன்.

அத்தை நெடுஞ்சாலை வேலையில் சேர்ந்த கதையை மாமா சொல்லித்தான் கேட்க வேண்டும். ஒருநாள் சைக்கிள் ஒரு குழியில் இறங்கி, தூக்கிலிருந்த சாம்பார் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிட்டது. மாமா காலித் தூக்கோடு வீட்டுக்கு வந்தார். அத்தை அந்தத் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு, கேங் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போய்த் தமிழிலேயே சண்டை பிடித்தார். மராத்தி அப்போது ஒரு வார்த்தை தெரியாது. மேஸ்திரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜல்லிக் கூடையை அவரிடம் நீட்டினாராம். இவ்வளவு ஆத்திரம் இருந்தால் நீயே அடைத்துக்கொள் என்று அர்த்தம். அத்தை வாங்கிக்கொண்டார். சில நாள் கூலி வேலை என்று போனவர் அப்படியே அங்கே நிலைத்துவிட்டார்.

"அந்தக் குழிய நாந்தான் அடைச்சேன். ஆனா இந்த மனுசன் சாம்பாரு சிந்துறது மட்டும் இன்னும் நிக்கல" என்று அத்தை கதையை முடிப்பார்.

"எந்தெந்தக் குழி எங்க இருக்குன்னு இவளுக்குத் தெரியும். கட்டின புருசன்கிட்ட மட்டும் சொல்லமாட்டா" என்பார் மாமா.

நான் கோயம்புத்தூர்க்காரி. கம்ப்யூட்டர் வேலைக்குப் புனே வந்து, அலுவலகத்தில் செந்திலைப் பார்த்து, அவரைக் கட்டிக்கொண்டு இந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். முதன்முறை வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் வைத்துக் கையிலிருந்த தாரைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை நீட்டாமல் முழங்கையால் என் தோளில் ஒரு இடி இடித்து, "வா கண்ணு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

கோனை விட்டுட்டியே

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இதழ் வந்ததும் அத்தை படித்துக் காட்டச் சொன்னார். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி, கோன உட்டுட்டியே" என்றார்.

உண்மைதான். விட்டிருக்கக் கூடாது. புனேயிலிருந்து கோயம்புத்தூருக்கு மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்தபோது, போர்வையில் சுற்றிய ஒரு பெரிய பொருளை அத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். சீர்வரிசை என்று எங்கள் வீட்டில் நினைத்துவிட்டார்கள். மண்டபத்தில் பிரித்தால், ரோட்டில் வைக்கும் ஆரஞ்சு கோன். நுனி கிழிந்து கேங்கில் கழித்துப்போட்டது. மாப்பிள்ளை கார் நிற்கும் இடத்தில் வேறு யாரும் வண்டியை நிறுத்திவிடாமல் இருக்க அதை மண்டப வாசலில் வைத்தார். எங்கள் அப்பா கோனையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் அன்று மண்டபத்தில் சண்டையில்லாமல் நடந்த ஒரே காரியம் பார்க்கிங்தான். ஊருக்குத் திரும்பும்போது மண்டப மேனேஜர் அந்தக் கோனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அத்தையோடு எங்கே போனாலும் இப்படித்தான். தளேகாவில் தெரிந்தவர்கள் வீட்டுக்குக் காரில் போனோம் என்றால், வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வருவார். தூங்குகிறார் என்று நினைப்போம். திடீரென்று, "இந்த ஒட்டு நம்முது" என்பார். குழி அடைத்த ஒட்டின் மேல் சக்கரம் ஏறி இறங்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். அது உண்மையா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சரிபார்க்க வழியில்லை என்ற தைரியத்தில் அள்ளிவிடுகிறார் என்பது செந்திலின் கட்சி.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அத்தைக்கு வருத்தம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "ரோடு நல்லா இருந்தா ஒருத்தருக்கும் நம்ம நெனப்பு வராது வித்யா. குழி இருந்தாத்தான் நெனப்பாங்க. அதுவும் அம்மா, அக்காவயெல்லாம் சேத்து நெனப்பாங்க."

மேகத்தை நம்பி

இப்போது டீக்கு வருவோம்.

பல்லக்குக்கு முதல் நாள், எங்கள் பந்தலுக்கு நேர் எதிரே ரோட்டில் ஒரு பெரிய குழிக் கூட்டம் இருந்தது. ஒரு பஸ் நிற்கும் நீளத்துக்குப் பெயர்ந்து கிடந்தது. கேங்குக்குப் பொறுப்பான ஜூனியர் இன்ஜினியர் மிலிந்த், நாக்பூர்ப் பையன். நல்ல பிள்ளை. "மாவ்ஷி, இன்றைக்கு ஜல்லியை மட்டும் அழுத்திவிடுவோம். தாரை பல்லக்கு போன பிறகு ஊற்றலாம்" என்றிருக்கிறார்.

அத்தை கேட்கவில்லை. வெறும் ஜல்லி வெறுங்காலைக் கிழிக்கும். வானம் கறுத்துக் கிடக்கிறது, நாளைக்கு மழைதான், குளிர்ச்சியில் தார் இறுகிவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தன் கடைசிப் பல்லக்குக்கு அந்த இடம் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் தாரை ஒரு கை தாராளமாகவே ஊற்றவைத்துவிட்டார். காலில் தார் ஒட்டாமல் இருக்க மேலே தூவ வேண்டிய கல்பொடி லாரி காலையில் வரும் என்றார்கள்.

காலையில் மழை வரவில்லை. அத்தை வெறுங்காலோடு கடந்தபோது ஒட்டு குளிர்ச்சியில் இறுகித்தான் இருந்தது. அத்தை டீயை வாயில் வைக்கும்போது மேகம் விலகி, சுள்ளென்று வெயில் அடித்தது. கல்பொடி லாரியைப் போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். ரோடு மூடியாகிவிட்டது, இனி ஒரு வண்டியும் உள்ளே வராது.

அத்தை எழுந்து போய் ஒட்டின் மேல் காலை வைத்தார். எடுக்க முடியவில்லை. இழுத்துப் பிடுங்கியபோது குதிகாலில் கறுப்பாக நூல் நூலாகத் தார் வந்தது.

தூரத்தில் தாளச் சத்தம் கேட்டது. முதல் கூட்டம் திருப்பத்தில் வந்துவிட்டது.

அத்தையின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. "போச்சு. எளகுன தார்ல வந்து மாட்டிக்குவாங்களே. எல்லாம் என்னால" என்றார். கேங் ஆட்கள் கோன்களை வைத்துக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். ஆனால் இரண்டு ஓரத்தையும் அடைத்துக்கொண்டு வரும் கூட்டம் அது. பின்னாலிருந்து தள்ளும் தள்ளலில் முன்னால் வருபவர்கள் கயிறு தடுக்கி விழுவார்கள். மிலிந்தே கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். "நான் அப்போதே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

விரிங்கடி!

எங்கள் பந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோஹேகாவில் இருக்கும் விமானப்படைக் குடும்பத்துத் தமிழ்ப் பெண்களும், எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்களுமாகச் சேர்ந்து வார்க்கரிகளுக்கு எலுமிச்சை சாதம் கொடுக்கப் போட்ட பந்தல். துணிப்பந்தல் போடுகிறேன் என்ற ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டான். ஆளுக்கொரு பழைய பருத்திப் புடவையைக் கொண்டுவந்து மூங்கிலில் கட்டி நிழல் பண்ணியிருந்தோம். நீலம், அரக்கு, கிளிப்பச்சை, கட்டம் போட்டது, பூப்போட்டது.

அத்தை அண்ணாந்து அந்தப் புடவைகளைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு ஊருக்கே கேட்கிற குரலில், "ஏய், அவுருங்கடி! நடபாவாட விரிங்கடி!" என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. புரிந்தால்தானே அசைவதற்கு.

"சாமி நடந்து வந்தா காலுக்கடில துணி விரிப்பாங்கள்ல, அதுதாண்டி! நனச்சு விரிங்க, ஒட்டாது. அரே மிலிந்த், பானி! ஜல்தி!"

அவ்வளவுதான். லோஹேகாவ்ப் பெண்கள் நாற்காலியில் ஏறி முடிச்சை அவிழ்த்தார்கள். மிலிந்த் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்பே பந்தலருகே வந்து நின்றிருந்த குடிநீர் லாரியின் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். சென்னைப் பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியை. தண்ணீரில் தோய்த்த புடவைகளை அந்தக் கறுப்பு ஒட்டின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினோம். ரோடு திடீரென்று கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு புடவை அகலத்துக்குக் கறுப்பு மிச்சம் நின்றது. பந்தலில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

அத்தை விறுவிறுவென்று போய்ப் பந்தல் மூலையில் இருந்த தன் பையைத் திறந்தார். அதில் இருப்பது எனக்குத் தெரியும். ரிடையர்மென்ட் விழாவில் கட்டிக்கொள்ள நான் வாங்கிக்கொடுத்த புடவை. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. வேலை முடிந்ததும் ஃபால் தைக்கக் கொடுப்பதற்காக எடுத்து வந்திருந்தார்.

"அத்தை, அது வேண்டாங்க அத்தை!"

"நீ இன்னொண்ணு வாங்கிக் குடுப்ப. தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மடிப்புக் கலையாத அந்தப் புடவையை உதறி விரித்துவிட்டார்.

மஞ்சளின் மேல்

கூட்டம் வந்து நின்றது. நின்றேவிட்டது. முன்னால் வந்த பெரியவர், புடவை மேல் எப்படிக் கால் வைப்பது, அது ஒரு பெண் உடுத்துவதல்லவா என்று மராத்தியில் தயங்கினார். பின்னாலிருந்து தள்ளல் கூடியது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தை யோசிக்கவில்லை. வரிசையில் துளசி மாடம் சுமந்து நின்ற ஒரு பெண்ணின் தலையிலிருந்து மாடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துப் புடவை மேல் இழுத்தார். அவளுக்கும் அத்தை வயதுதான் இருக்கும். ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்தாள். கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து வைத்து, இருவரும் பின்னால் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் அதற்கு ஃபுகடி என்று பெயர். வார்க்கரிப் பெண்கள் வழியெல்லாம் ஆடுவது. ஆரஞ்சு ஜாக்கெட்டும் சிவப்புச் சேலையும் சுற்றிய சுற்றலில் எது அத்தை, எது அவள் என்று தெரியவில்லை. நான் துளசி மாடத்தைத் தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அதைப் பார்த்தபின் யாருக்குத் தயக்கம்? தாளம் கிளம்பியது. கூட்டம் புடவைகள் மேல் ஏறி நடந்தது. மிலிந்த் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். சுட்ட ரோட்டில் நடந்து வந்த கால்கள் ஈரத் துணியில் பட்டதும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சுகம் வந்து போனது. சிலர் அங்கேயே கொஞ்சம் நின்று காலை ஆற்றிக்கொண்டார்கள். வார்க்கரிகள் எல்லோரையும் 'மாவுலி' என்றுதான் கூப்பிடுவார்கள். தாய் என்று அர்த்தம். அன்று போகிறவர்கள் எல்லாம் அத்தையைப் பார்த்து "மாவுலி, மாவுலி" என்று கை கூப்பிக்கொண்டு போனார்கள். அத்தை குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலிலும் கறுப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் நிமிர்ந்தார். அப்புறம் உட்கார்ந்து, ஆறிப்போன அந்த டீயைக் குடித்தார்.

கூட்டம் போன பிறகு புடவைகளை உரித்தோம். பாதி வந்தன, பாதி கிழிந்தன. மஞ்சள் புடவை மட்டும் தாரோடு ஒன்றிப்போய்விட்டது. அதன் மேல் கல்பொடி தூவி ரோலரும் ஓட்டிவிட்டார்கள். ஓரத்தில் பச்சைக் கரை மட்டும் ஒரு முழம் வெளியே தெரிந்தது.

விழாவுக்கு நான் வேறு புடவை வாங்கினேன். அதே மாம்பழ மஞ்சள் கிடைக்கவில்லை. அத்தை அதைக் கட்டி, மேலே ஆரஞ்சு ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு மாலை வாங்கிக்கொண்டார். மாமா எல்லோருக்கும் இட்லி கொடுத்தார். சாம்பார் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

ரோட்டில் தெரிந்த அந்தப் பச்சைக் கரை மழையில் நைந்து, தீபாவளிக்குள் போய்விட்டது. பிறகு அந்த இடத்தையே சுரண்டிப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். ஸ்கூட்டரில் அத்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த வழியே போகும்போது, "அவ்ளோதான், நம்ம புடவையும் போச்சு, நம்மளும் போனோம்" என்று சிரிப்பார்.

மறு வருஷம்

மறுபடி மழைக்காலம், மறுபடி பல்லக்கு, மறுபடி எங்கள் பந்தல். இந்தத் தடவை சரியான ஷாமியானா. அத்தை ஜாக்கெட் இல்லாமல் சாதாரணப் புடவையில் எலுமிச்சை சாதம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரோட்டைப் பார்ப்பதும், கேங் ஆட்கள் சரியாகப் பெருக்கவில்லை என்று முணுமுணுப்பதுமாக இருந்தார்.

துளசி மாடம் சுமந்த ஒரு பெண் கூட்டத்திலிருந்து விலகி எங்கள் பந்தலுக்கு எதிரே நின்றாள். வெறுங்காலால் ரோட்டை இங்கே ஒரு தரம், அங்கே ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு நேராக அத்தையிடம் வந்தாள்.

"இங்கேதானே புடவை இருந்தது? ஆரஞ்சுச் சட்டை போட்ட மாவுலி எங்கே? இந்த வருஷம் வரவில்லையா?" என்று மராத்தியில் கேட்டாள்.

யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அத்தை கையைக் காட்டி என்னை அடக்கினார். கரண்டியைச் சாதத்தில் செருகினார். மேசையைச் சுற்றி வந்து, மாடத்தை அவள் தலையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு கைகளைக் குறுக்காக நீட்டினார்.

அவள் அந்தக் கைகளைப் பிடித்த பிறகுதான் அடையாளம் கண்டாள். கத்தினாள் என்றே சொல்ல வேண்டும். இருவரும் அந்த வழவழப்பான புது ரோட்டில் சுற்றினார்கள்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அத்தை பின்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"அவ என்ன கேட்டா, வித்யா?"

என்னைவிட நூறு மடங்கு நன்றாக மராத்தி தெரிந்தவர். ஆனாலும் சொன்னேன். "ஆரஞ்சுச் சட்டை மாவுலி எங்கேன்னு கேட்டாங்க அத்தை."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டினார்.

"இன்னொரு தரம் சொல்லு."

ஏரவாடா வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.